ஒரு கண் திறந்த ஜெபம்

சிங்கப்பூர்ப் பூமலைத் தோட்டத்தில் குரங்கைப் பார்த்திருப்பீர்கள். கிராஞ்சிச் சேற்றில் முதலை கிடக்கிறது என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையின் கூடத்தில் சனிக்கிழமை மாலைதோறும் தென்படும் ஓர் உயிரினத்தை நீங்கள் உற்றுப் பார்த்ததுண்டா? வாலிபர் ஐக்கியத் தலைவர் என்று அதற்குப் பெயர். அதில் பல வகை உண்டு. நான் சொல்ல வந்தது புதுமை வகை.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கழுத்தில் விசில், ஒரு கக்கத்தில் வேதப்புத்தகம், இன்னொரு கக்கத்தில் பிங்பாங் மட்டை, சட்டைப் பையில் ஸ்டாப்வாட்ச், முகத்தில் எப்போதும் ஓர் அவசரம். வயது முப்பத்தெட்டுக்கு மேல் இருக்கும். பிறகு எப்படி வாலிபர் என்று கேட்டுவிடாதீர்கள், உள்ளத்தில் வாலிபர் என்று பதில் வரும், அதைத் தொடர்ந்து ஒரு சிறு பிரசங்கமும் வரும். இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரிந்தது? தினமும் காலையில் முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

எங்களுக்கு ஒரு மந்திர வாக்கியம் உண்டு. "காலம் மாறிப்போச்சு பிரதர்." இதைச் சொல்லிவிட்டால் எதையும் கூடத்துக்குள் கொண்டுவரலாம். நான் முதலில் கேரம் பலகையைக் கொண்டுவந்தேன். பிறகு பிங்பாங் மேசை. பிறகு, ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் எத்தனை அதிகாரம் என்று விசிலடித்துக் கேட்டு, ஸ்டாப்வாட்சைப் பார்த்து மார்க் போடும் வேத வினாடி வினா. பிறகு கிடார். சினிமாக் கொட்டகைக்குப் போகிற வாலிபனைச் சபைக்கு இழுக்க வேண்டுமானால் சபையில் ஏதாவது இருக்க வேண்டாமா? மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்று ஆண்டவர் சொன்னாரே, தூண்டிலில் இரை வேண்டாமா? இரையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மீன்கள் வந்தன, இரையைத் தின்றன, ஜெபம் ஆரம்பிப்பதற்குள் வீட்டுக்குப் போயின.

மூப்பர் சாலமோன் இதைக் கண்டித்தார். சபையின் பெரியவர், எதைச் சொன்னாலும் இரண்டு முறை சொல்வார். "ஆழம் வேணும் தம்பி, ஆழம்" என்றார். கமிட்டி கூடியது. புதுமையும் வேண்டும், ஆழமும் வேண்டும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் பேசினோம், கறிபாப் சாப்பிட்டோம், மறுபடியும் பேசினோம், கடைசியில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். பிங்பாங், வினாடி வினா, கிடார், தேநீர் எல்லாம் போக, ஆழத்துக்குப் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் எங்கள் இனம் என்ன செய்யும் தெரியுமா? "எல்லாரும் கண்ணை மூடி, தலையைத் தாழ்த்தி, ஆண்டவரை மட்டும் நோக்குவோம்" என்று கனிந்த குரலில் சொல்லும். எல்லாரும் கண்ணை மூடுவார்கள். "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டு அது தன் வலக்கண்ணை மெல்லத் திறக்கும். தலைகளை எண்ணும். "இங்கே கூடி வந்திருக்கிற" என்னும்போது இடப்பக்கத்துப் பெஞ்சுகள், "உம்முடைய பிள்ளைகளாகிய எங்களை" என்னும்போது வலப்பக்கம். ஆமென் வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும். மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டுமல்லவா?

எண்ணிக்கை ஏறுவதற்காக நான் அடுத்துத் திட்டமிட்டது படக்காட்சி. காத்தோங்கில் ஓர் ஆங்கிலச் சபையிடம் ப்ரொஜெக்டர் கடன் கேட்டிருந்தேன். அந்த நாட்களில்தான் இயேசுதாசன் கையைத் தூக்க ஆரம்பித்தான்.

இயேசுதாசனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கே சரியாகத் தெரியாது. கடற்படைத் தளத்துப் பட்டறையில் வேலை. பிங்பாங் ஆட மாட்டான், வினாடி வினாவில் வாய் திறக்க மாட்டான், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். எண்ணும்போது ஒரு தலை, அவ்வளவுதான். அவன் ஜெபக்குறிப்பு சொல்லக் கையைத் தூக்கியபோது வினாடி வினா சமநிலையில் நின்றது. வெற்றி யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டாமா? முடிவு செய்ததில் நேரம் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தூக்கினான். அன்று பாட்டு நடுவில் கிடார் கம்பி அறுந்து, அதை மாற்றி, சுருதி சேர்த்து, பாட்டை முதலிலிருந்து பாடினோம். தேநீர் வேளையில் அவனே என்னிடம் வந்தான்.

"அண்ணே, எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். அடுத்த வாரம் போயி, அதுக்கு மறு திங்கக்கிழமை ஆப்பரேஷன். பொழைப்பாங்களான்னு டாக்டரே சரியாச் சொல்லல. எல்லாருமா சேந்து ஒரு தடவை ஜெபிச்சா…"

"கண்டிப்பா லா தம்பி. அடுத்த சனிக்கிழமை படம் முடிஞ்சதும் மொத ஜெபம் உங்கம்மாவுக்குத்தான். புரோகிராம்ல போட்டுடறேன்."

"படம் எவ்வளவு நேரம்ணே?"

"ரெண்டு ரீல்தான்."

அவன் தலையை ஆட்டினான். பக்கத்தில் குளோரி நின்றிருந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கும் பெண், எங்கள் கூடத்துப் பிங்பாங் சாம்பியன். என்னைப் பார்த்தாள், தேநீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு அவனைத் தனியே அழைத்துப் பேசினாள். எனக்கு அப்போது திரைக்கு வெள்ளை வேட்டி கிடைக்குமா என்ற கவலை.

படம் போடும் சனிக்கிழமை வந்தது. ப்ரொஜெக்டரை வாங்கிக்கொண்டு, முழங்கை வலிக்கத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தேன். பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. ஆள் இல்லை. முன்வரிசையில் மூப்பர் சாலமோன் மட்டும் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் எங்கே ஐயா?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க தம்பி, ஆஸ்பத்திரிக்கு. இயேசுதாசன் அம்மாவப் பாக்க. குளோரிதான் ஒவ்வொருத்தருக்கா சொல்லிக் கூட்டிட்டுப் போனா."

"நீங்க போகலையா?"

மூப்பர் தொண்டையைச் செருமினார். "படம் போடுறதாச் சொன்னீங்களே. அதான்."

ஆழம் இப்படிக் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரு மூன்றுசக்கரத் திரிஷா வண்டியில் ஏறினோம். கடன் வாங்கிய பொருளைத் தனியே விட்டுப்போக முடியுமா? என் மடியில் ப்ரொஜெக்டர், அவர் மடியில் கிடார். கிடார் எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வார்டில் இயேசுதாசனின் அம்மா ரோசம்மாவின் கட்டிலைச் சுற்றி எங்கள் வாலிபர்கள் நின்றிருந்தார்கள். சிலருக்கு இடமில்லாமல் நடைபாதையில் நின்றார்கள். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வந்து சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம், அதனால் ஒரு பழைய கீர்த்தனையை முணுமுணுப்பாகப் பாடினார்கள். பக்கத்துக் கட்டிலில் கதீஜா என்ற அம்மாள் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரோசம்மா மெலிந்து கிடந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின்னை அணைத்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் குளோரி இயேசுதாசனைப் பார்த்து, "நீயே ஜெபி" என்றாள். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஆண்டவரே, எங்கம்மா" என்றான். "எங்கம்மா" என்றான் மறுபடியும். அதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. யாரும் எடுத்துக்கொடுக்கவும் இல்லை. எல்லாரும் கண்ணை மூடி அந்த இரண்டாவது "எங்கம்மா"விலேயே நின்றார்கள். நானும் கண்ணை மூடினேன். இதில் கேலி இல்லை, உண்மையாகவே இரண்டு கண்ணையும் மூடினேன்.

அப்புறம் என் வலக்கண் திறந்தது.

பழக்கம் விடுமா? எண்ணினேன். பதினேழு பேர். ஜெப வேளையில் இத்தனை தலைகளை எங்கள் ஐக்கியம் கண்டதே இல்லை. கண்ணில் நீர் நிற்கும்போதே மூளை வேலை செய்தது. இதை மாதமொரு முறை நடத்தலாம், ஒரு பெயர் வைக்கலாம், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் செய்யலாம். அப்போதுதான் கவனித்தேன், அங்கே இன்னொரு ஜோடிக் கண் திறந்திருந்தது. ரோசம்மாவின் உதடு அசைந்தது. விரல் டின்னின் மூடிமேல் ஒன்றொன்றாக நகர்ந்தது. அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டோம்.

ஆமென் சொன்னதும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"நீங்களும் எண்ணுனீங்களே தம்பி. எத்தனை பேரு?"

"பதினேழு பேரும்மா" என்றேன் கொஞ்சம் பெருமையாக.

"எனக்குப் பதினெட்டு வருதே. பிஸ்கட் பத்துமான்னு பாக்குறேன்." மறுபடியும் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது. "உங்கள சேத்தீங்களா?"

நான் என்னைச் சேர்க்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட ஜெபத்தில் என்னைச் சேர்த்து எண்ணியதில்லை. அவர் டின்னைத் திறந்து முதல் பிஸ்கட்டை என் கையில் வைத்தார்.

ரோசம்மா பிழைத்துக்கொண்டார். தேறியதும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கே டின்னோடு வருகிறார், பிங்பாங்கில் குளோரியிடம் தோற்பவர் பக்கமாகப் பார்த்துக் கைதட்டுகிறார். ஜெபத்தை இப்போது முதலில் வைத்திருக்கிறோம். பிங்பாங்குக்கு நேரம் போதவில்லை என்று மூப்பர் சாலமோன் குறைப்படுகிறார். நான் திருந்திவிட்டேனா? ஆண்டுக் கூட்டத்தில் 'நோயாளர் சந்திப்பு என்ற நமது புதிய முயற்சி' என்று எழுந்து நின்று அறிவித்தேன். முயற்சி யாருடையது என்று சொல்ல நேரம் இல்லாமல் போயிற்று. சின்னம் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வரும் சனிக்கிழமை நான் ஜெபிக்கும்போது வலக்கண் திறக்கிறதா என்று பார்க்க ஆசையாக இருந்தால் தாராளமாகக் கூடத்துக்கு வந்து பாருங்கள். ஆனால் பார்க்க வேண்டுமானால் உங்கள் கண்ணும் திறந்திருக்க வேண்டும். அப்படி நாம் பார்த்துக்கொண்டால் வெளியே சொல்ல வேண்டாம். அன்று ஜெபித்தவர்களின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்துக்கொள்வோம்.