சாயங்கால நிபுணர்

சாயங்கால நிபுணர் என்று ஓர் இனம் இருக்கிறது. இரண்டே இரண்டு மலைகளுக்குத் தலா ஒரு தடவை போய்வந்துவிட்டு, "எல்லாம் சரி, சாயங்காலத்துல எந்த ஊரு பெஸ்ட்டு தெரியுமா?" என்று வாழ்நாள் முழுக்க ஊரைக் கேட்டுக்கொண்டிருப்பவர் எவரோ, அவரே இவர். பூங்கா, அருவி, காட்சி முனை எல்லாம் குழந்தைகளுக்கு என்பார். ஐந்து மணிக்கு மேல் அந்த ஊர் என்ன செய்கிறது? அதில்தான் இவருக்கு டாக்டர் பட்டம்.

எங்கள் ஆரணியில் இந்த இனத்தின் தலைமகன் பட்டு மேஸ்திரி வேணுகோபால். சித்திரை வெயிலில் ஊரே வேட்டியை மடித்துக்கட்டி விசிறிக்கொண்டு அலையும்போது, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தால் தயவுசெய்து வணக்கம் சொல்லாதீர்கள். சொன்னால் போச்சு. ஊட்டி ஏரியில் ஆரம்பித்து, கோடைக்கானல் சுட்ட சோளத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி ஊட்டி மிளகாய் பஜ்ஜிக்குத் திரும்பி, "பஜ்ஜியில ஊட்டி. ஆனா உலாத்துறதுல கோடை. நீ இன்னா சொல்ற?" என்று நிறுத்துவார். நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது. ஊட்டி என்றால் கோடைக்கு வக்காலத்து வாங்குவார்; கோடை என்றால் ஊட்டிக்கு. இரண்டுமே நல்ல ஊர்தான் என்றாலோ, உங்களுக்கு ரசனையே கிடையாது என்பதைத் தெருக்கோடி வரை கூடவே வந்து நிரூபிப்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம் இவரிடம் போய் மாட்டிக்கொண்டவன் ஜெயவேல், புதிதாகக் கல்யாணமான நெசவாளி. தறிக்காரனுக்குக் காலண்டரில் லீவு கிடையாது. ஒரு பாவு நூல் நெய்து முடிந்து, அடுத்த பாவு வந்து தறியில் ஏறும்வரை கிடைக்கிற இடைவெளிதான் லீவு. ஜெயவேலுக்கு அந்தத் தடவை முழுசாக ஐந்து நாள் கிடைத்தது. அவன் மனைவி சாவித்திரி பக்கத்துத் தெரு ஜெபராணி டீச்சரிடம் ஸ்வெட்டரே இரவல் வாங்கி மடித்து வைத்துவிட்டாள். மலையைப் பார்க்க வேண்டும், அதுவும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஊட்டியா, கோடையா என்பது மட்டும்தான் பாக்கி.

"மேஸ்திரியை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்" என்றான் ஜெயவேல்.

ஒரு வார்த்தையாம்!

"சொன்னா புரியாது ஜெயவேலு. பார்த்தாதான் புரியும். சம்சாரத்தை இட்டுகினு சாயங்காலம் வா" என்றார் மேஸ்திரி.

முதல் நாள் ஊட்டி. மேஸ்திரி வீட்டு முற்றத்தில் ஈரப் போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டு, ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பாளம் வரவழைத்து நடுவில் வைத்து, புதுத் தம்பதியை மர பெஞ்சில் ஏற்றி, ஆளுக்கொரு துடைப்பத்தைத் துடுப்பென்று கையில் கொடுத்து வலிக்கச் சொன்னார். வலித்தார்கள். இரண்டாம் நாள் கோடை. அதே பெஞ்சு, அதே துடைப்பம். பனி மட்டும் அங்கே ஜாஸ்தி என்பதால் இரண்டு தூபக்காலில் சாம்பிராணி. சாவித்திரி இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். "அதான்! கோடையில இப்படித்தான் கண்ணு கலங்கும்" என்று பூரித்துப்போனார் மேஸ்திரி. மூன்றாம் நாள் சந்தேக நிவர்த்தி. அதற்குள் விஷயம் பரவி, தெரு ஜனம் பாயோடு வந்து உட்கார்ந்துவிட்டது. நானும் பாய் கொண்டுபோனவன்தான். வாசலில் வேர்க்கடலை வண்டி வேறு. நான்காம் நாள், கூட்டத்தின் வேண்டுகோளுக்கிணங்க, மறுபடியும் ஊட்டி.

ஐந்தாம் நாள் சாயங்காலம் தீர்ப்புச் சொல்வதாக இருந்தார். காலையிலேயே பாவு வந்துவிட்டது.

சாவித்திரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே மேஸ்திரியின் மனைவி கெங்கம்மாளிடம் போய், "நெசமா சொல்லுங்கக்கா, சாயங்காலம் எந்த ஊரு நல்லாயிருந்துச்சி?" என்று கேட்டாள்.

"யாரு கண்டா? ஊட்டியில அஞ்சு மணிக்கே குளுருதுன்னு கம்பளியைப் போத்திகினு படுத்துட்டாரு. கோடையில வயித்தால போச்சி, ரூமை வுட்டே வெளியே வரல. எல்லாம் லாட்ஜு வாச்மேன் சொன்ன கதைம்மா. ஒரே பேஜாரு!"

அடுத்த பாவு முடிந்த அன்றைக்கே சாவித்திரி புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். சேலம் போகிற பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"எங்க போறோம்? மேஸ்திரி கிட்ட ஒரு வார்த்தை…"

"ஏற்காடு. ஜல்தியா ஏறுங்க!"

போய்ச் சேர்ந்தார்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தாள் சாவித்திரி. வெயில் தாழ்ந்து, தண்ணீர்மேல் பனி இறங்கியது. சாம்பிராணி வாசனை இல்லாத பனி. "இங்க பாருங்க" என்று திரும்பினாள். பக்கத்தில் ஆள் இல்லை. ஜெயவேல் தூரத்தில் ஒரு படகுக்காரரை மடக்கி நிறுத்தி, "ஏங்க, இந்த சாயங்காலம் ஊட்டி மாதிரி வருமா, கோடை மாதிரி வருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவரும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சாவித்திரி மறுபடி ஏரியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

ஊர் திரும்பிய ஜெயவேலின் கழுத்தில் புது மப்ளர். "சாயங்காலம்னா ஏற்காடுதான் மேஸ்திரி!" என்று அவன் ஆரம்பிக்க, இப்போது ஆரணியில் நிபுணர்கள் இரண்டு பேர்.

நீங்கள் அந்த ரகம் இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "குற்றாலத்தை விட்டுவிட்டாரே இந்த ஆள், அங்கே சாயங்காலம் எப்படி இருக்கும் தெரியுமா?" என்று உள்ளே ஏதாவது முனகிற்றா? முனகியிருந்தால், பக்கத்தில் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். "இங்க பாருங்க" என்று யாராவது கூப்பிட்டிருக்கப் போகிறார்கள்.