துரைக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தவர்

எப்பாடுபட்டாவது துரையை நொண்ட வைத்துவிடுவது என்று நம்மாள் முடிவெடுத்தார். துரை ஒரு நாய். நம்மாள் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அவர் மனைவி கால்நடை மருத்துவர். தெருவே டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். அடப்பாவி, நாயை நொண்ட வைப்பதா என்று பதறாதீர்கள். அதன் காலில் துரும்புகூடப் படாது. விஷயம் வேறு.

துரை டாக்டரம்மாவிடம் நோயாளியாக வந்தது. வண்டி மோதி இடது பின்னங்கால் முறிந்துவிட்டது. தகடு வைத்தும் எலும்பு சேருவேனா என்று அடம்பிடித்தது. வளர்த்தவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். குணமாகும்வரை நீங்களே வைத்திருங்கள் என்று விட்டுவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா அதை வீட்டோடு வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ஷாக் வேவ் மெஷினில் வைத்தியம் தொடங்கினார்.

"ஷாக்கா? வாயில்லா ஜீவனுக்குக் கரண்ட் வைக்கப் போறியா?"

"கரண்ட் இல்லைங்க, அலை. தோலுக்கு மேல வெச்சுத் தட்டினா உள்ள போய் எலும்பை எழுப்பும். தூங்கிட்டிருக்கிற எலும்பு எழுந்து வேலையைப் பார்க்கும்."

"எனக்கும் ரெண்டு தட்டு தட்டேன்."

"உங்க எலும்பெல்லாம் முழிச்சுத்தான் இருக்கு. நீங்கதான் தூங்குறீங்க."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பொழுது சாய்ந்துதான் திரும்புவார். பகல் முழுக்க வீட்டில் நம்மாளும் சுவர்க் கடிகாரமும்தான். ஒரு காலத்தில் அவருடைய ஒரு கையெழுத்துக்காக மேஜை முன்னால் வரிசை நின்றது. இப்போது தப்பான நம்பர் என்று வருகிற போனில்கூட, "பரவாயில்லை, நீங்க யாரைத் தேடுறீங்க?" என்று கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். துரை வந்த பிறகுதான் வீட்டில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டது. பேப்பரை உரக்கப் படித்தால் காதைத் தூக்கிக்கொண்டு கேட்க ஓர் ஆள் இருந்தது. மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

அதில்தான் இடி விழுந்தது.

"எலும்பு கூடிடுச்சுங்க. நடை சரியானதும் அனுப்பிடலாம்."

மறுநாளே நம்மாள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார். சட்டைப்பை நிறைய பிஸ்கட். துரை ஒழுங்காக நடந்தால் ஒன்றும் கிடையாது. காலைத் தூக்கினால் பிஸ்கட். கெட்டிக்கார நாய், சீக்கிரமே அவர் கை சட்டைப்பைப் பக்கம் போனாலே போதும், ஊரிலுள்ள சோகத்தையெல்லாம் முகத்தில் அப்பிக்கொண்டு நொண்டும். சாயங்காலம் டாக்டரம்மாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் நம்மாள் வாசலுக்கு ஓடுவார்.

"இன்னைக்கும் நொண்டுதும்மா. காலையில ரொம்ப மோசம். மத்தியானம் கொஞ்சம் தேவலை."

"அப்படியா? சாப்பிட்டுச்சா? நீங்க சாப்பிட்டீங்களா?"

பேச்சு வாசலில் தொடங்கி, சமையலறை வழியாகச் சாப்பாட்டு மேஜைவரை நீளும். நம்மாளுக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

ஒருநாள் டாக்டரம்மா, "ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று கூட்டிப்போனார்.

"எங்கே, நடக்க விடுங்க பார்ப்போம்."

பழக்கத்தில் நம்மாளின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. துரை சட்டென்று காலைத் தூக்கியது. வலது காலை.

"முறிஞ்சது இடதுங்க."

"வலி... இடம் மாறியிருக்கும்மா."

"அப்ப வலதுக்கும் வைத்தியம் பண்ணிடுவோம்."

வழுவழுப்பான ஜெல்லைத் தடவி மெஷினைப் போட்டார். டக் டக் டக் டக் என்று சத்தம். துரை நம்மாளையே பார்த்தது. பாடத்தைச் சரியாகத்தானே ஒப்பித்தேன், பிஸ்கட் எங்கே என்கிற பார்வை. அவருக்குத் தாங்கவில்லை.

"நிறுத்தும்மா! அதுக்கு ஒண்ணுமே இல்லை. நான்தான் நொண்டச் சொல்லிக்கொடுத்தேன். அது போயிட்டா நான் யார்கிட்ட பேசுறது?"



டாக்டரம்மா மெஷினை அணைத்தார். அதுவரை அதன் கைப்பிடி காற்றில்தான் தட்டிக்கொண்டிருந்தது. நாயின் மேல் படவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். வலியில நொண்டுற நாய் வாலை ஆட்டாதுங்க."

நம்மாள் அசடு வழிந்தார்.

"இன்னொண்ணும் கேளுங்க. நீங்க பாடம் ஆரம்பிச்ச வாரமே வளர்த்தவங்க போன் பண்ணிட்டாங்க. வேலை மாத்தலாகுதாம், துரையை நீங்களே வெச்சுக்கோங்கன்னு."

"அப்ப துரை நம்மளோடதா! அடிப்பாவி, ஏன் சொல்லலை?"

டாக்டரம்மா குனிந்து ஜெல்லைத் துடைத்தார். நம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேலையில இருந்தப்ப உங்களுக்குப் பேச நேரமில்லை. ரிடையரானப்புறம் பேச விஷயமில்லை. இந்த நொண்டல் வந்தப்புறம்தான் நான் வர்ற நேரம் பார்த்து வாசல்ல நிக்கிறீங்க. நாய் நமக்குத்தான்னு சொல்லியிருந்தா, எல்லாத்தையும் அதுகிட்டயே பேசி முடிச்சிருப்பீங்க. அப்ப நான் யார்கிட்ட பேசுறது?"

நம்மாள் துரையின் தலையைத் தடவினார். "என்னையே பழக்கிட்டியேம்மா" என்றார்.

"துரையைப் பழக்க உங்களுக்குப் பிஸ்கட்டாவது செலவாச்சு" என்றார் டாக்டரம்மா. "நீங்க சும்மாவே ஓடிவந்தீங்க."