இருபதுக்கு ஒன்பது: அப்பாவின் சவுண்ட் கார்டு

அன்பும் மதிப்பும் நிறைந்த சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தத் தாளின் பின்பக்கத்தில் ‘நன்றாகக் குலுக்கிய பின் அருந்தவும்’ என்று சிவப்பில் அச்சாகியிருப்பது உங்களுக்குச் சொன்னது அல்ல. அப்பாவின் அச்சகத்தில் எழுத்து சாய்ந்துபோன மருந்துப் புட்டித் தாள்கள் ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதால் என்னிடம் வந்து சேர்ந்தன. கடிதம் எழுதுவது பற்றி நான் படித்த புத்தகத்தில், முதல் பத்தியில் நலம் விசாரித்துவிட்டு இரண்டாம் பத்தியில் செய்திக்கு வந்துவிட வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே வருகிறேன்.

என் கேள்வி ஒன்றுதான். வீட்டில் படம் பார்க்கிற கணினிக்கு விலை உயர்ந்த சவுண்ட் கார்டு உண்மையிலேயே தேவையா? இதற்கு நீங்கள் சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அதுவும் என்னிடம் அல்ல, அப்பாவிடம். ஏனென்றால் சனிக்கிழமைதான் கடைக்காரர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைசி நாள். இதைத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அப்பா தொலைபேசியை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுகிறார். நீங்கள் சொல்வது எங்களுக்கு எட்டுமுன் கீழ்வீட்டுக்கு எட்டிவிடும்.

போன மாதம் நீங்கள் இங்கு வந்து இரண்டு மணி நேரம் இருந்தீர்கள். அதில் ஒன்றரை மணி நேரம் படம் பார்த்தீர்கள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “அண்ணா, இப்படிக் கேக்கறதுக்குத் தகர டப்பாவுக்குள்ள தலைய விட்டுக் கேக்கலாம். ஒரு நல்ல சவுண்ட் கார்டு போடுங்க. ஈ பறந்தா எந்தப் பக்கம் பறக்குதுன்னு சொல்லிடலாம்,” என்று சொன்னீர்கள். நீங்கள் பேருந்து ஏறிப் போய்விட்டீர்கள், ஈ எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்பா ஒரு வாரம் சாப்பிடும்போதும் ஈயைப் பற்றியே பேசினார். பத்து நாளில் ஒரு பெட்டியோடு வந்து கணினியைத் தரையில் படுக்க வைத்து, அச்சு இயந்திரத்தைப் பிரிக்கிற அதே மரியாதையோடு மூடியைக் கழற்றிக் கார்டைச் செருகினார். அதிலிருந்து ஒரு கம்பி வீட்டில் முன்பே இருந்த ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது, அங்கிருந்து ஐந்து ஒலிபெருக்கிகளுக்கு. ஐந்தும் காது உயரத்தில் இருக்க வேண்டுமாம். வீட்டில் அந்த உயரத்தில் இருப்பது என் புத்தக அலமாரி மட்டும்தான். என் புத்தகங்கள் இப்போது கட்டிலுக்கடியில் மூன்று அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. ‘க’ வரிசை ஒரு பெட்டியில் பாதியும் அடுத்ததில் பாதியுமாகக் கிடக்கிறது. இதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீதிபதிக்குத் தனக்கென ஒரு லாபம் இருந்தால் அதை மறைக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன்.

அன்று மாலையே படம் போட்டார். “கேட்டியா? ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுது பாரு,” என்றார். அம்மா சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி, “விழுது, விழுது. எடுத்து வைக்கத்தான் வீட்ல இடமில்ல,” என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐந்தே நிமிடத்தில் அப்பா இடப்பக்கம் சாய்ந்து, “என்ன சொன்னான்?” என்று என்னிடம் கேட்டார்.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக அப்பா படம் பார்க்கும்போது அவருக்கு இடப்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நான்தான் வசனம் சொல்லி வருகிறேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லிச் சொல்லி ஓரளவு தேர்ச்சியும் வந்துவிட்டது. படம் முடிந்ததும் அப்பா, “ஆள் யாரோ தெரியல, வசனம் பிரமாதமா எழுதியிருக்கான்,” என்பார். போன வாரம் கீழ்வீட்டு மாமா, அவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர், மாடிப்படியில் அப்பாவை நிறுத்தினார்.

“அந்தக் கப்பல் படத்துல கேப்டன் சாகறப்ப என்னமோ சொல்றான்னீங்களே?”

“‘கடலுக்கு முதுகு காட்டினவனைக் கரையும் ஏத்துக்காது.’ எனக்கு மயிர்க்கூச்செடுத்திடுச்சு.”

“நான் ரெண்டு தடவை பாத்துட்டேன் சார். ‘தண்ணி குடு’ங்கறான், செத்துடறான். அவ்வளவுதான்.”

“உங்க டிவியில அதெல்லாம் கேக்காது சார். அதுக்குத்தான் சவுண்ட் கார்டுங்கறது.”

அந்தப் பேச்சின் விவரத்துக்குள் நான் இப்போது போகவில்லை.

வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று வாய்ச்சண்டை போடுவதைவிடச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நான் முன்மொழிந்தேன். அப்பா, “தாராளமா வை. கண்ணைக் கட்டினாலும் சொல்லுவேன்,” என்றார். போர்வையைத் திரையாகக் கட்டி அதற்குப் பின்னால் நானும் கணினியும் உட்கார்ந்தோம். காசைச் சுண்டித் தலை விழுந்தால் புதிய கார்டு வழியாகவும், பூ விழுந்தால் கணினியோடு பிறந்த பழைய வழியாகவும் ஒரே காட்சியை ஓட விடுவேன். கேட்பவர்கள் ‘கார்டு’ அல்லது ‘பழசு’ என்று தாளில் எழுத வேண்டும். இருபது முறை. அப்போது பார்த்துச் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று புகார் சொல்லக் கீழ்வீட்டு மாமா மேலே வந்தார். நடுநிலையான ஆள் ஒருவர் இருந்தால் சோதனைக்கு நல்லது என்று அவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டேன்.

அப்பா கண்களை இறுக மூடி, நெற்றி சுருங்கச் சுருங்கக் கேட்டார். மதிப்பெண், இருபதுக்கு ஒன்பது. அம்மாவுக்குப் பதினொன்று. எப்படி என்று கேட்டேன். “ஒண்ணு விட்டு ஒண்ணு எழுதினேன். காதும் கையும் ஒரே நேரத்துல குடுக்க முடியுமா? பொத்தான் யார் தைக்கிறது?” என்றார். கீழ்வீட்டு மாமாவுக்கு இருபதுக்கு இருபது. அப்பா எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தியா? கேக்கத் தெரிஞ்ச காது கேக்குது,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு உறுத்தியது. மாமாவைப் படிவரை கொண்டுபோய் விட்டுத் தனியாகக் கேட்டேன். “காதா? நான் மணி பாத்துட்டு இருந்தேன்மா, மாத்திரை போடற நேரம். கார்டு ஓடறப்ப மட்டும் போர்வைக்குப் பின்னால ஒரு சிவப்பு விளக்கு எரியுது. அது சுவர்க் கடிகாரக் கண்ணாடியில தெரியுது. சிவப்பு தெரிஞ்சா கார்டுன்னு எழுதினேன். அதைத்தானே கேட்டீங்க?” என்றார். ஆக, அந்தக் கார்டு எங்கள் வீட்டில் செய்கிற ஒரே மாற்றம் ஒரு சிவப்பு விளக்கு.

ஏன் அப்படி என்பதும் கண்டுபிடித்துவிட்டேன். பெட்டியோடு வந்த கையேட்டை வீட்டில் நான் ஒருத்திதான் படித்தேன். ஆறு மொழிகளில் இருக்கிறது, ஒன்றும் நம் மொழி இல்லை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மாலை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விஷயம் இருக்கிறது. அப்பா மாட்டியிருக்கும் கம்பி வழியாகப் போவது ஓசையே அல்ல, வெறும் எண்கள். அந்த எண்களை ஓசையாக மாற்றும் வேலையைக் கார்டும் செய்யும், ஆம்ப்ளிஃபயரும் செய்யும். இந்தக் கம்பி போட்டால் ஆம்ப்ளிஃபயர்தான் செய்கிறது. கார்டு, ஒட்டிய உறையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அஞ்சல்காரர் மாதிரி. அவருக்குப் பட்டுச் சட்டை போட்டு அனுப்பினாலும் உள்ளே இருக்கும் கடிதத்தில் ஒரு எழுத்துகூட அழகாகிவிடாது. பழைய முறையில் தனித்தனிக் கம்பிகள் போட்டால் கார்டுக்கு வேலை உண்டு, ஆனால் அவற்றை ஏற்கும் துளைகள் நம் ஆம்ப்ளிஃபயரில் கிடையாது. நல்ல கார்டுதான் சித்தப்பா, குறை சொல்ல மாட்டேன். நம் வீட்டில் அதற்கு உத்தியோகம் இல்லை.

இதை நானே அப்பாவிடம் சொல்லியிருப்பேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சொல்லவும் போனேன். அப்பா படிக்கட்டில் கீழ்வீட்டு மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார், அவர் வழக்கப்படி எல்லோருக்கும் கேட்கும்படி. “சினிமா பைத்தியம்லாம் இல்ல சார். பொண்ணு எத்தனை நாளைக்கு என் பக்கத்துல உக்காந்து வசனம் சொல்லிட்டிருப்பா? அவளுக்குப் படிக்க வேண்டியது இருக்கு. கேட்டா முகம் கோணாம சொல்றா, அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. இது போட்டா நானே கேட்டுக்குவேன்ல.” நான் விரலை எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

சித்தப்பா, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கோளாறு கார்டில் இல்லை. அப்பாவின் நாற்காலி இடது சுவர் ஓரம். அங்கிருந்து பார்த்தால் திரையும் ஒலிபெருக்கிகளும் அவருக்கு வலப்பக்கம் விழும். நீங்கள் வந்த அன்று அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டீர்கள், அப்பா எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். அன்று முழுப் படத்திலும் அவர் என்னிடம் ஒரு முறைகூட ‘என்ன சொன்னான்’ என்று கேட்கவில்லை. குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். வலது காதை யாராவது பார்க்க வேண்டும். இதை நான் சொன்னால் வாய்க்கொழுப்பு, அம்மா சொன்னால் சண்டை, நீங்கள் சொன்னால் ஆலோசனை. ஈயை விட்டவர் நீங்கள்தான், பிடிக்கவும் நீங்கள்தான் வர வேண்டும். சனிக்கிழமைக்குள் அப்பாவிடம் பேசி, கார்டு வேண்டாம், காதைக் காட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் வெளியே வரக் கூடாது.

சித்திக்கு என் அன்பு. பெரியவர்களை வணங்கி முடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருப்பதால் வணங்கி முடிக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: இன்று ஞாயிற்றுக்கிழமை. மேலே உள்ளது எதற்கும் நீங்கள் பதில் எழுத வேண்டாம். கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு அஞ்சல் தலை தேடப் போனேன். அச்சகத் தாள் என்பதால் அப்பா தன் வேலையில் பிழை திருத்த வந்த தாள் என்று நினைத்து எடுத்துப் படித்துவிட்டார். இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழையைச் சிவப்பு மையால் திருத்தி வைத்திருந்தார், அவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மறுநாள் காது மருத்துவரிடம் போனோம். அச்சகத்தில் இயந்திரம் ஓடும்போது எல்லோரும் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வது வழக்கம். வலது காதிலிருந்து மருத்துவர் இடுக்கியால் மைக்கறை படிந்த ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துத் தட்டில் போட்டார். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது அந்தப் பழைய நீலமாச்சே. இந்த மையை நாங்க நிறுத்தி மூணு வருஷம் ஆச்சே,” என்றார். மருத்துவர் வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கார்டு சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டது. அலமாரியில் பாதி எனக்குத் திரும்பி வந்துவிட்டது. நேற்று மாலை அப்பா தானாகவே கப்பல் படத்தைப் போட்டார். நான் முக்காலியில் உட்காராமல் தள்ளிப் போய்ப் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். கேப்டன், “தண்ணி குடு,” என்றார், செத்துப்போனார். அப்பா படத்தைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை அவரைச் சாகடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கடல், முதுகு, கரை... அதெல்லாம் எங்க?”

“அது அவர் சொல்ல நினைச்சதுப்பா.”

“மூணு வருஷமா?”

“நல்லா எழுதின படத்துல எதையும் மாத்தலப்பா. ரெண்டு படம் அப்படி இருந்துச்சு.”

அம்மா கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அப்பா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். இப்போது எல்லாம் தெளிவாகக் கேட்கிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது, பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. எழுந்து போய் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சைக் கிள்ளி வலது காதில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இடப்பக்கத்து முக்காலியைத் தட்டினார்.

“வா. அடுத்து என்ன சொல்றான்?”