நின்று ஜெபிக்கத் தடை

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் முணுமுணுப்பதை ஒட்டுக்கேட்பதே பிழைப்பாகிவிட்டது. சாமி கும்பிட்டாலும் எந்த பாஷையில் கும்பிடுகிறான் என்று விசாரணை. கேட்டால் தேசப்பற்றாம்.

எங்கள் வெண்கோட்டை ராஜ்யத்தில் கத்தோலிக்கச் சாமியார்கள் ஒரு கல்லூரி நடத்தினார்கள். ருஷ்ய பாஷை, ருஷ்யப் பாட்டு, ருஷ்யர்கள் ஜெபிக்கும் முறை, இவைதான் படிப்பு. பெரிய சாமியார் சந்தியாகப்பர். நான் அங்கே விறகு போட்டவன். ஒரு வார்த்தை புரியாது. அதனால் அவர்களை முழுசாக நம்பியதும் இல்லை.

ராஜாவுக்கும் ருஷ்யாவுக்கும் எல்லைத் தகராறு வந்தது. கல்லூரியைக் கண்காணிக்கத் தாண்டவராயர் என்ற அதிகாரி வந்தார். ருஷ்ய பாஷையில் ஓர் எழுத்தும் அறியாதவர் என்பதே அவருடைய தகுதி.

"கல்லூரிக் கோயிலில் ஏன் நாற்காலி இல்லை?" என்று ஆரம்பித்தார்.

"நின்னுதான் ஜெபிப்போம் ஐயா," என்றார் சந்தியாகப்பர்.

"நிற்கிறவன் எந்த நேரமும் நடக்கத் தொடங்குவான். பூசை அப்பம் ஏன் உப்பியிருக்கிறது?"

"ருஷ்யருங்க முறைப்படி புளிச்ச மாவுங்க."

"திரைக்குப் பின்னால் என்ன?"

"பீடம்தாங்க."

"பீடத்தை எதற்கு ஒளிக்க வேண்டும்?"

கல்லூரிக்கு மட்டும் ஆணை போட்டால் மதத்தில் தலையிட்டதாகிவிடும் என்று, நாடு முழுமைக்கும் போட்டார்கள். மாவு புளிக்கக் கூடாது என்றார்கள். ரொட்டிக்கடைகள் மூடின, தோசைக்கல் துருப்பிடித்தது. கூட்டத்திலும் ஜெபத்திலும் நிற்கக் கூடாது என்றார்கள். ரேஷன் கடை வாசலில் சேற்றில் உட்கார்ந்தோம். இடுப்புவலி தாளாமல் எழுந்த கர்ப்பிணியை இழுத்துப் போனார்கள். பிறகு திரைக்குத் தடை. குளிக்கிற தட்டியைக்கூடப் பிடுங்கினார்கள்.

ஜனங்கள் ராஜாவைத் திட்டவில்லை. "எல்லாம் அந்தச் சாமியாருங்களால வந்த வினை" என்று கல்லூரிமேல் கல்லெறிந்தார்கள்.

அப்போது பிடிபட்ட ருஷ்யச் சிப்பாய் ஒருவன் கோட்டைச் சிறையில் சாகக் கிடந்தான். தன் முறைப்படி ஜெபம் கேட்டான். சந்தியாகப்பர் கிளம்பினார்.

"போகாதீங்க சாமி. உள்ள போட்டுடுவானுங்க," என்றேன்.

"அந்தப் பையனுக்கு இங்க வேற யாருய்யா இருக்கா?"

"நம்மளைச் சுட வந்தவன் சாமி அவன்."

"அதுக்காக அனாதையா சாகணுமா?"

போனார். நின்றபடியே ஜெபித்தார். அதற்காக அவரையும் அங்கேயே அடைத்தார்கள். அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. உடம்பைக்கூடத் தரவில்லை.

பிறகு ராஜாவுக்கு ருஷ்யாவின் எண்ணெய் தேவைப்பட்டது. சமாதானம் ஆயிற்று. கல்லூரிக்கு வெள்ளையடித்து, தாண்டவராயரைத் தலைவராக்கினார்கள். ருஷ்ய விருந்தாளிகள் நின்று ஜெபித்தார்கள், உப்பிய அப்பம் தின்றார்கள். நாங்கள் வாசலில் தரையில் உட்கார்ந்து பார்த்தோம்.

"ருஷ்ய ஞானத்தை இந்நாடு என்றென்றும் போற்றி வந்துள்ளது!" என்று முழங்கினார் மந்திரி.

தாண்டவராயர் வெளியே வந்தபோது பாதி எழுந்து கேட்டேன்: "சந்தியாகப்பர் சாமியை எங்கங்க புதைச்சீங்க?"

"யார் அது?" என்றார்.

பக்கத்திலிருந்தவன் என் வேட்டியை இழுத்தான். "நல்ல நாளும் அதுவுமா ஏன்யா? சீக்கிரம் நமக்கும் அந்தத் தடையை எடுத்துடுவாங்க. உக்காரு, பாயசம் வருது."

"எடுக்கட்டும், அப்புறம் பாயசம் குடிக்கலாம்," என்று முழுசாக எழுந்து நின்றேன். காவல் சிப்பாய் உட்காரச் சொல்லி அதட்டினான். நான் திரும்பாமல் நடந்தேன்.