ஷாஹினாவுக்கு ஆட்சேபனை இல்லை

கல்யாணம் முடித்த ஆண்களுக்கு ஓர் இரகசியம் சொல்கிறேன். அலுவலகத்தில் வரும் எந்த வில்லங்கத்திலிருந்தும் தப்புவதற்கு இரண்டு சொற்கள் போதும்.

"மனிசி விடமாட்டா."

பதினான்கு வருடங்களாக இந்த இரண்டு சொற்களை வைத்துத்தான் நான் அரச உத்தியோகம் பார்த்தேன். சிரமதானமா? மனிசி விடமாட்டா. சனிக்கிழமை மேலதிக வேலையா? மனிசி விடமாட்டா. இரத்ததான முகாமா? எனக்கு விருப்பம்தான், ஆனால் மனிசி... இவ்வளவு போதும். கேட்டவர் தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் பக்கத்தில் இது இன்னும் நன்றாகச் செல்லும். கல்முனையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். நான் படுக்கும் கட்டில்கூட மாமி, அதாவது மனிசியின் உம்மா, செய்வித்தது. அப்படிப்பட்டவன் "வீட்டில விடமாட்டாங்க" என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்?

உண்மை என்னவென்றால், ஷாஹினா என்னை எதற்கும் தடுத்ததே இல்லை. நான் எதையும் அவளிடம் கேட்டதும் இல்லை.

வினை தேநீர் நேரத்தில் வந்தது. கரையோர அலுவலகங்களுக்கிடையிலான சைக்கிள் ஓட்டப் போட்டியைப் பற்றி இளைஞர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கல்முனையில் தொடங்கி, நிந்தவூருக்குப் போய், திரும்பி வர வேண்டும். ஏறக்குறைய இருபது கிலோமீற்றர்.

"இருபதா?" என்றேன் நான், பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி. "நான் ஸ்கூல்ல ஓடின காலத்துல அது உடம்பச் சூடாக்கத்தான் காணும்."

பாடசாலையில் நான் ஒரேயொரு போட்டியில் ஓடினேன். வாசலைத் தாண்ட முதலே சங்கிலி கழன்றுவிட்டது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் நேசரட்ணம் சேர் நின்றார்.

நேசரட்ணம் சேர் எங்கள் நிருவாக உத்தியோகத்தர். ஒரு காலத்தில் மாவட்டம் முழுக்கச் சைக்கிள் ஓடியவர். அவருடைய மேசையில் கடதாசி பறக்காமல் இருப்பதற்கு ஒரு பழைய பெடலை வைத்திருப்பார்.

"ஸமட், நீங்க ஓடின ஆளா?"

"ஒரு காலத்துல, சேர்."

"இவ்வளவு நாளும் சொல்லல்லியே! பேரப் போடுறன்."

"எனக்கு ஆசைதான் சேர். ஆனா மனிசி..."

"விடமாட்டா. தெரியும். அத எழுத்துல கொண்டு வாங்க."

பிஸ்கட் தேநீருக்குள் விழுந்துவிட்டது.

இருந்தாலும் நான் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். சுற்றறிக்கைகளை எழுதுபவன் நான்தான். அன்று பின்னேரமே ஒன்றை எழுதினேன். நாற்பது வயதைத் தாண்டிய திருமணமான போட்டியாளர்கள் தங்கள் மனைவியின் கடிதத்தை இணைக்க வேண்டும். படிவத்தையும் நானே தயாரித்தேன். 'எனது கணவர் போட்டியில் பங்குபற்றுவதற்கு எனக்கு ஆட்சேபனை உண்டு / இல்லை. பொருந்தாததை வெட்டிவிடவும்.'

வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த வசனம் அது என்று அன்று நினைத்தேன்.

ஷாஹினா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் படிவத்தை நீட்டும் முன் கொஞ்சம் பயம் காட்டினேன்.

"புள்ள, சைக்கிள் ரேஸ் ஒண்டாம். பெரிய றோட்டுல. லொறி, பஸ் எல்லாம் வரும்."

"ம்."

"வெயில் வேற. போன வருசம் ஒருத்தர் மயங்கி விழுந்தாராம்."

"ம்."

"நாப்பத்தி மூணு வயசு. ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா?"

அவள் கையைக் கழுவிப் படிவத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தையல் பெட்டியைத் திறந்து கோடு போடும் அடிமட்டத்தை எடுத்தாள்.

"பேனை இருக்கா?"

'உண்டு' என்ற சொல்லை அடிமட்டம் வைத்து நேராக வெட்டினாள். கையொப்பம் வைத்தாள். திகதியும் போட்டாள்.

"போய் ஓடுங்க. எனக்கி ஆட்சேபனை இல்ல."

மறுநாள் முபாறக் என் மேசைக்கு ஓடி வந்தான். நாற்பதைத் தாண்டிய மூன்று போட்டியாளர்களில் அவனும் ஒருவன். அவனுடைய பெயரையும் சேர் போட்டிருந்தார்.

"மச்சான், நீ நல்லா இருக்கணும். என்ட மனிசி 'இல்ல'ய வெட்டிட்டா. ஸ்ரான்லிட மனிசியும் வெட்டிட்டாவாம். ஒன்ட சுற்றறிக்கையால ரெண்டு பேர் தப்பினம்."

"மூணாவது ஆள்?"

"மூணாவது ஆள் நீதானே. ஒனக்கென்ன, நீ ஓடின ஆள்."

பயிற்சிக்கு மூன்று கிழமை இருந்தது. முதல் நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்தேன். முற்றத்தில் என் சைக்கிள் நின்றது. யாரோ அதைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, இரண்டு சில்லுக்கும் காற்று அடித்திருந்தார்கள். நான் முந்தின நாள் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்த பம்ப் கரியரில் கட்டியிருந்தது.

"புள்ள, முழங்கால் நோகுது."

"எந்த முழங்கால்?"

"வலது."

"அப்ப இடது கால வெச்சி மிதிங்க. வலது சும்மா சுத்தி வரட்டும்."

சோறு அரைப் பீங்கான் ஆகியது. காலையில் குரக்கன் பிட்டு மட்டும்தான்.

"பாரம் கூடினா மேட்டுல இழுக்க ஏலாதாம்" என்றாள்.

"இஞ்ச எங்க புள்ள மேடு? நிந்தவூர் வரைக்கும் மேசை மாதிரி றோட்டு."

"பாலம் ஒண்டு இருக்குத்தானே."

அந்தக் கிழமை முழுக்க என்னால் அலுவலக நாற்காலியில் இருக்க முடியவில்லை. நின்றுகொண்டே கோப்புப் பார்த்தேன். வந்த பொதுமக்கள் நான் தங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்தார்கள். காரைதீவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைப் பாராட்டிக் கடிதமே எழுதினார். இனி உட்காருவதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இரண்டாவது கிழமை ஒரு சங்கதி நடந்தது. கடற்காற்று முதுகில் தள்ளியது. சைக்கிள் தன்பாட்டில் பறந்தது. சாய்ந்தமருதில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் ஓட்டோவை நான் முந்தினேன்! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒருவேளை எனக்குள் உண்மையாகவே ஓர் ஓட்டக்காரன் இருக்கிறானோ என்று யோசித்தேன். அலுவலகத்தில் இதை ஐந்து பேருக்குச் சொன்னேன். ஓட்டோ பாண் விற்பதற்காக நின்றிருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. அதையும் சொல்லவில்லை.

இப்படியாகப் போட்டி நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றோம். முதல் ஐம்பது மீற்றர் தூரத்துக்கு நான்தான் எல்லோருக்கும் முன்னால் போனேன். பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹோன் அடித்ததும் புறப்பட்டுவிட்டேன். திருப்பிக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நான் யாருக்கும் முன்னால் போகவில்லை.

சாய்ந்தமருது தாண்டியபோது எனக்குப் பின்னால் அம்புலன்ஸ் மட்டும்தான் வந்தது. சாரதி கண்ணாடியை இறக்கினார்.

"காக்கா, இப்ப ஏறுறீங்களா? காரைதீவுல ஏறுறீங்களா?"

நெஞ்சு அடைத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஆனால் நானாக இறங்க முடியுமா? வீதி ஓரத்தில் மாமியின் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு நின்றார்கள். நாளைக்கு அலுவலகத்தில் பாண் ஓட்டோக் கதையை யாராவது எடுப்பார்கள். சாகும் வரைக்கும் அதுதான் என் பெயராக இருக்கும். என்னை யாராவது நிற்பாட்ட வேண்டும். நானாக நிற்கக்கூடாது.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி வந்தது. ஷாஹினா.

"இஞ்சாருங்க, எப்பிடி இருக்கு?"

"ம்."

"கதைக்க ஏலாதா?"

"ம்."

"அப்ப நான் கதைக்கன். நீங்க மிதிங்க."

அவள் ஸ்கூட்டியை என் வேகத்துக்கு மெதுவாக்கினாள். அது இரண்டு தரம் நின்றுபோகப் பார்த்தது.

"மருதமுனைக் கலியாண வீட்டுல ஒங்கட பக்கத்து மேசை ஸகியாவும் நானும் ஒரே சஹன்ல சாப்பிட இருந்தம். நீங்க அந்தக் கடிதத்தக் கொண்டு வந்ததுக்கு முந்தின நாள். அவ என்ன கேட்டா தெரியுமா?"

"என்ன?"

"'ஏன் ராத்தா, ஸமட் சேர ஒரு இடத்துக்கும் விடுறல்லியாமே, பாவம்' எண்டு. சஹன்ல கை வெச்ச மத்த நாலு பேரும் சோத்த விட்டுட்டு என்னப் பாக்காங்க. எனக்கிப் பொரிச்ச கோழி தொண்டயால இறங்கல்ல."

நான் மிதித்தேன். வேறு என்ன செய்வது?

"ஒங்கட ஒபிஸ் ஆக்கள் நுவரெலியா ட்ரிப்புக்கு வருசா வருசம் குடும்பத்தோடதான் போறாங்களாம். நீங்க எனக்கிட்ட என்ன சொன்னீங்க?"

இதை நான் உங்களிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். வீட்டில் நான் சொன்னது, "ஒபிஸ் ட்ரிப்புல பொம்புளைகள எடுக்கமாட்டாங்க" என்று. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மலைப்பாதையில் இரண்டு வளைவு போனால் எனக்குச் சத்தி வரும், வயிற்றில் உள்ளதெல்லாம் வெளியே வந்துவிடும். ஓர் உத்தியோகத்தர் எல்லோருக்கும் முன்னால் பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு இருப்பதா? அலுவலகத்துக்கும் சொல்ல வெட்கம். வீட்டுக்கும் சொல்ல வெட்கம்.

"எனக்கி முப்பத்தெட்டு வயசு" என்றாள் ஷாஹினா. இப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, வீதியைப் பார்த்தாள். "ஒரு மலையக் கிட்டப் போய்க் கண்டதில்ல. கடலும் வயலும்தான் கண்டிருக்கன்."

அது எனக்கு முழங்காலை விடக் கூடுதலாக நொந்தது. ஆனாலும் முழங்காலும் நொந்துகொண்டுதான் இருந்தது.

"புள்ள, பிழைதான். மறுகா எல்லாம் கதைப்பம். இப்ப என்ன நிப்பாட்டு."

"நானா? எனக்கித்தான் ஆட்சேபனை இல்லியே."

"சந்தியில நேசரட்ணம் சேர் நிக்காரு. அவருக்கு முன்னால வந்து, விடமாட்டன் எண்டு ஒரு சொல்லு சொல்லு. என்ட மானத்தக் காப்பாத்து."

"சொன்னா?"

"நுவரெலியா."

"ஆரார்?"

"நாம ரெண்டு பேரும்."

ஸ்கூட்டி வேகம் எடுத்தது.

"நில்லு புள்ள! ஸம்றாவும்." ஸம்றா எங்கள் மகள்.

"உம்மா?"

மாமி! மூன்று தரம் மிதித்து யோசித்தேன். "மாமியும்."

"சாச்சி?" சாச்சி என்றால் மாமியின் தங்கச்சி.

"சாச்சி... சரி, சாச்சியும்."

"சாச்சிட மகள் நப்லா தனிய வீட்டுல இருப்பாளா?"

"பஸ்ஸோட கொண்டு போ!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஷாஹினா. அவள் முன்னால் பறந்து போனாள்.

காரைதீவுச் சந்தியில் கொடியுடன் நேசரட்ணம் சேர் நின்றார். பக்கத்தில் எங்கள் அலுவலக ஆட்கள் பத்துப் பேர் இருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஷாஹினா ஸ்கூட்டியை வீதிக்குக் குறுக்கே நிற்பாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பதினான்கு வருடங்களாக நான் அலுவலகத்தில் வர்ணித்த மனைவி, அச்சொட்டாக அப்படியே.

"சேர்! கடிதம் தந்தது நான்தான். இப்ப நான்தான் சொல்றன். இதுக்கு மேல ஒரு அடி இவர விடமாட்டன்!"

"நீங்க சொன்னாச் சரி தங்கச்சி" என்றார் சேர். மீசைக்குள் என்னவோ ஆடியது. இருமலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"இன்னும் ஓடியிருப்பன் சேர்" என்றேன், சைக்கிளைப் போட்டுவிட்டு, நிலத்தில் படுத்துக்கொண்டு. "ஆனா, மனிசி..."

"தெரியும் ஸமட். தெரியும்."

ஆகா, அந்த நிம்மதி! வேப்ப மர நிழல். கையில் இளநீர். எங்கள் அலுவலகத்தின் அஸ்கி நிந்தவூரில் திரும்பி இரண்டாவதாக அந்த வழியால் போனான். அவனை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் சுற்றி நின்று தேற்றினார்கள். முபாறக் என் முதுகைத் தடவிவிட்டான். யோசித்துப் பார்த்தேன். மானம் போகவில்லை. கால் உடையவில்லை. பதினான்கு வருடச் சாட்டுக்கு இப்போது பத்துச் சாட்சிகள் வேறு. விலை ஒரு நுவரெலியா மட்டும்தான். அதற்கும் பஸ் புறப்பட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் ஏதாவது யோசிக்கலாம்.

திங்கட்கிழமை நொண்டி நொண்டி நேசரட்ணம் சேரின் அறைக்குப் போனேன்.

"சேர், இந்த முறை ட்ரிப்புக்கு என்ட குடும்பத்தையும் சேர்க்கணும். மனிசி லேசில சம்மதிக்கல்ல. ஒரு மாதிரிக் கதைச்சு எடுத்துட்டன்."

அவர் ஒரு கோப்பினைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

உள்ளே ஷாஹினாவின் கையெழுத்தில் ஒரு கடதாசி இருந்தது. அவள் படிவத்தில் கையொப்பம் வைத்த அதே திகதி. அதாவது மூன்று கிழமைக்கு முன்பே வந்த கடதாசி. ஷாஹினா, ஸம்றா, உம்மா, சாச்சி, நப்லா. காரைதீவு வரைக்கும் மிதிக்கு ஓர் ஆளாக நான் சம்மதித்த அதே வரிசை. கீழே, கோப்பு சுற்றுக்கு விடப்பட்டதற்கு அடையாளமாக, ஸகியா தொடக்கம் முபாறக் வரை, என்னைத் தவிர முழு அலுவலகமும் 'கண்டேன்' என்று எழுதி ஒப்பம் வைத்திருந்தது.

ஷாஹினாவின் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. அதற்கு நேரே, அடிமட்டம் வைத்துக் கோடும் போட்டு, ஒரு குறிப்பு இருந்தது:

'இவரை ஜன்னல் பக்கம் இருத்தவும். சத்தி வரும், வெளியில் சொல்ல வெட்கப்படுவார்.'