புள்ளி விழாத கீபோர்டும் மூன்று மாத ஆராய்ச்சியும்

உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், சட்டைப்பையில் பணத்தையும் வைத்துக்கொண்டு, வாங்கப்போகும் பொருளைப் பற்றி அதைச் செய்தவனுக்கே தெரியாத சங்கதிகளையெல்லாம் தெரிந்துகொண்டு, கடைசிவரை வாங்காமலேயே காலம் தள்ளும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதற்கு 'ஆராய்ந்து வாங்குவோர்' என்று பெயர் வைக்கலாம். ஆராய்வது நிச்சயம். வாங்குவதுதான் சந்தேகம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். மிக்சி வாங்கப் போன இடத்தில், "உள்ள மோட்டார்ல சுத்திருக்கது செம்புக் கம்பியா, அலுமினியக் கம்பியா?" என்று கேட்டு விற்பனைப் பெண்ணைத் திகைக்க வைத்துவிட்டு, "சரி, பாத்துட்டுச் சொல்றேன்" என்று படியிறங்குபவர். மூன்று வருஷம் கழித்தும் அவர் வீட்டில் அம்மியில்தான் சட்னி அரைபடும். கேட்டால், சந்தையில் இன்னும் சரியான மிக்சி வரவில்லை என்பார்.

திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போகிற பாதையில் டைப்பிங் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டி இந்த இனத்தில் ஒரு தங்கம். வயது முப்பத்தாறு. பரளச்சிக்காரர். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனு எழுத வெயிலில் வரும் பெரியவர்கள் பக்கம் ஃபேனைத் திருப்பி வைப்பார்; யாரிடமும் முகம் சுளிக்க மாட்டார். ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, வருகிறவர்களிடம் விவரம் கேட்டுக் குறிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. உட்கார்ந்து டைப் அடிப்பது மனைவி நாகஜோதி. பழைய டைப்ரைட்டர் முறையில் தமிழ் ஹையர் கிரேடு தேர்வு பாஸ் செய்தவர். திரையைப் பார்க்காமலே, வந்தவர்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அந்த நாற்காலி ஜெயபாண்டிக்கு. கோயம்புத்தூரிலும் சிவகாசியிலும் இருக்கும் பாலிடெக்னிக் கூட்டாளிகளோடு ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை போடுவார்.

சித்திரையில் அந்தக் கீபோர்டில் புள்ளி விழாமல் போனது.

மெய்யெழுத்துக்கு மேலே வைக்கிற புள்ளிதான். வலது சுண்டு விரல் விழுகிற இடத்தில் அதற்கான பட்டன். மெல்லத் தட்டினால் வராது. ஓங்கிக் குத்தினால் வரும். சில சமயம் மூன்று சேர்ந்து வரும். நரிக்குடிப் பக்கத்துப் பொன்னுச்சாமி என்பவரின் பட்டா மாற்றத்துக்கான மனு 'படடா மாறறம' என்று அச்சாகி, கவுண்டரில் வாங்கிப் பார்த்தவர், "என்னய்யா இது, ஓலைச்சுவடியா?" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். பொன்னுச்சாமி சிரிக்கவில்லை. அவர் போக வர ஒரு பஸ்தான்.

"புதுசா ஒண்ணு வாங்கிருவோம்" என்றார் ஜெயபாண்டி அன்றே. நாகஜோதிக்குச் சந்தோஷம். பாவம், கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் நம்பினார்.

வேறு யாராவதாக இருந்தால் வாங்கியிருப்பார்கள். ஜெயபாண்டி ஃபோனை எடுத்தார். சாதாரணக் கீபோர்டுக்குள்ளே ரப்பர் விரிப்பு ஒன்றுதான் இருக்கும், மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சுவிட்சு இருக்கும், அது பல வருஷம் உழைக்கும் என்று முதல் நாளே தெரிந்துகொண்டார். அதோடு நின்றிருந்தால் நமக்குக் கதையே இல்லை. அந்தச் சுவிட்சில் நீலம், சிவப்பு, பழுப்பு என்று சாதிகள் உண்டு என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. நீலம் சத்தம் போடும், டைப் அடிக்கத் தோது; சிவப்பு வழுக்கிக்கொண்டு போகும், கேம் ஆடத் தோது; பழுப்பு இரண்டுக்கும் பொது, ஆனால் இரண்டையும் முழுசாகச் செய்யாது. மூன்றாம் நாளிலிருந்து மனிதர் தரையில் இல்லை. டீ குடிக்கும்போது வீடியோ, சாப்பிடும்போது வீடியோ. யாரோ ஒருவர் முகத்தைக் காட்டாமல் விரலை மட்டும் காட்டிக் கீபோர்டைத் தட்டும் சத்தத்தை, காதில் இயர்ஃபோன் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பது போலத் தலையை ஆட்டிக் கேட்பார்.

"ஜோதி, இதக் கேளு. இது 'டொக்கு'ன்னு விழுகுது. முன்னாடி கேட்டது 'டக்கு'ன்னு விழுந்துச்சு. வித்தியாசம் தெரியுதா?"

"புள்ளி விழுகுதா?"

"அது எல்லாத்துலயும் விழுகும். நான் சொல்றது சத்தம்."

மூவாயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், கேமுக்கும் ஆக வேண்டும், டைப்புக்கும் ஆக வேண்டும், சுவிட்சு பழுதானால் கையாலேயே பிடுங்கி மாற்ற முடிய வேண்டும், எழுத்துக்கு அடியில் விளக்கு எரிய வேண்டும், எரிந்தாலும் கண்ணைக் கூசக் கூடாது. இப்படி நிபந்தனைகள் வளர்ந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டவணை போட்டார். பதினான்கு கீபோர்டுகள், இருபத்திரண்டு கட்டங்கள். புள்ளி விழாத கீபோர்டில் அந்த அட்டவணையை அடித்துக் கொடுத்ததும் நாகஜோதிதான்.

ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் புகழ்ந்தவர்களை ஜெயபாண்டி நம்ப மாட்டார், கம்பெனி ஆட்களாம். ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியவர்களைத் தேடித் தேடிப் படிப்பார். ஆயிரம் பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பொருளை, 'பெட்டி நசுங்கி வந்தது' என்று ஒருவர் எழுதிய ஒரே வரிக்காகப் பட்டியலிலிருந்து அடிப்பார். அடித்ததை ஒரு வாரம் கழித்து மறுபடி சேர்ப்பார். அடுத்த மாதம் தள்ளுபடி வருகிறது என்பார். தள்ளுபடி வந்தால், அடுத்த மாதம் புது மாடல் வருகிறது என்பார்.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தான் வாங்காதே தவிர, பிறரை வாங்க வைக்கும். எதிர்க்கடை சதீஸ்குமார், அவரும் டைப்பிங் கடைதான், ஒரு நாள் வந்து கேட்டார்.

"அண்ணே, ஒரு கீபோர்டு வாங்கணும். எதுண்ணே நல்லது?"

அரைமணி நேரம் ஜெயபாண்டி பேசினார். கடைசியில் ஒன்றைச் சொன்னார். சதீஸ்குமார் அங்கே நின்றபடியே ஆர்டர் போட்டார். நாலு நாளில் வந்துவிட்டது.

"சூப்பரா இருக்குண்ணே!"

"உனக்கு அது போதும்ப்பா" என்றார் ஜெயபாண்டி பெருந்தன்மையாக. "எனக்கு அது சரிப்படாது."

சரிப்படாமல் என்ன செய்யும்? அவர் சிபாரிசில் நாலு பேர் வாங்கி நாலு பேரும் சுகமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி மட்டும் குத்திக்கொண்டிருந்தார். மனு அடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் சாலையைத் தாண்டி சதீஸ்குமாரிடம் போகத் தொடங்கினார்கள். அங்கே புள்ளி விழுந்தது.

ஆனியில் இம்மானுவேல் சார் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சுற்றுவட்டாரக் கண்மாய்களின் பெயர்க்காரணத்தை முன்னூறு பக்கம் கையால் எழுதி வைத்திருந்தார். பேத்தி கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு புத்தகமாகக் கொடுக்க ஆசை. அருப்புக்கோட்டைப் பிரெஸ்ஸில், திருச்சுழியில் நாகஜோதி என்று ஒரு பிள்ளை இருக்கிறது, தப்பில்லாமல் அடிக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடையைக் கேட்டு வரவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார். நாகஜோதிக்கு அது முதல் தடவை. கையெழுத்துக் கட்டை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எண்பதாவது பக்கத்தில் சுண்டு விரல் வீங்கியது. துணி சுற்றிக்கொண்டு அடித்தார். ஜெயபாண்டிக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு புதன்கிழமை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பழுப்புச் சுவிட்சு ஒன்றை ஆர்டர் போட்டே விட்டார். திங்கட்கிழமை வரும் என்று போட்டிருந்தது. நாகஜோதி டீக்கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை சாயந்தரமாகியும் யாரும் வரவில்லை.

"ஏங்க, இன்னைக்கு வரும்னீகள்ல?"

ஜெயபாண்டி ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அது... வெள்ளிக்கிழமையே கேன்சல் பண்ணிட்டேன் ஜோதி. ஒருத்தரு எழுதிருக்காரு, மூணாவது வாரம் ஸ்பேஸ்பாரு ஒரு பக்கம் கிரீச்சுங்குதாம்."

"எந்த ஊருக்காரரு?"

"தெரியல. வடக்க எங்கயோ."

"அவரு பேச்சக் கேட்டீக. மூணு மாசமாப் பக்கத்துல உக்காந்து நான் சொல்றது காதுல விழுகலையாக்கும்."

அவ்வளவுதான். நாகஜோதி விரல் துணியை அவிழ்த்து, மறுபடி இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கீபோர்டைக் குத்தத் தொடங்கினார். சண்டை போட்டிருந்தால் ஜெயபாண்டி தாங்கியிருப்பார்.

மறுநாள் காலை நாகஜோதி கையெழுத்துக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போற?"

"அருப்புக்கோட்டைக்கு. பிரெஸ்ஸுக்கு. வாரேன்."

பஸ் போன பிறகுதான் ஜெயபாண்டிக்கு உறைத்தது. வேலையைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறாள்! ஃபோன் போட்டார். எடுக்கவில்லை. அதற்குள் தங்கலட்சுமி என்ற அம்மா வந்து நின்றார். ரேஷன் கார்டில் பெயர்த் திருத்தம். வேறு வழியில்லை, மூன்று மாதத்தில் முதன்முறையாக ஜெயபாண்டி அந்தக் கீபோர்டில் உட்கார்ந்து தமிழ் அடித்தார். தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்த அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தஙகலடசுமியா? ஏந்தம்பி, பேரு தப்பா இருக்குன்னு மனுக் குடுக்க வந்தா, மனுவுலயும் தப்பா அடிச்சா எப்பிடி?"

திருத்தி அடித்தார். அதற்குப் பின் மூன்று மனு. மத்தியானத்துக்குள் சுண்டு விரல் நுனி கன்றிச் சிவந்துவிட்டது. மேசையில் நாகஜோதி அடித்து வைத்திருந்த புத்தகப் பக்கம் ஒன்று கிடந்தது. சும்மா எண்ணிப் பார்த்தார். ஒரே பக்கத்தில் முன்னூற்றுச் சொச்சம் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு குத்து. இருபத்திரண்டு கட்டம் போட்ட அட்டவணையில் இந்தக் கணக்குக்கு ஒரு கட்டம் இல்லை. போதும், எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை வாங்கிவிடுவது என்று ஃபோனை எடுத்தார். முதலில் பட்டதைத் தொட்டார். பணம் கட்டும் பக்கம்வரை போய்விட்டார். கட்டுவதற்கு முன்னால், வாங்கியவர் யாராவது எழுதிய ஒரே ஒரு கருத்தை மட்டும் படித்துவிடலாமே என்று...

மூன்று மணி பஸ்ஸில் நாகஜோதி வந்து இறங்கியபோது ஜெயபாண்டி நாற்பத்தோராவது கருத்தில் இருந்தார்.

மேசைமேல் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது.

"என்ன இது?"

"கீபோர்டு. முடிச்ச நூறு பக்கத்தப் பிரெஸ்ஸுல குடுத்துட்டு, பக்கத்துல கம்ப்யூட்டர் கடை இருந்துச்சு, ஏறுனேன்."

"என்ன கம்பெனி? என்ன சுவிட்சு? பட்டனக் கழட்டி மாட்டலாமா? வாரண்டி எப்பிடி?"

"அதெல்லாம் கேக்கல. புள்ளி ஒழுங்கா விழுகுமான்னு கேட்டேன். அடிச்சுப் பாருங்கம்மான்னு கம்ப்யூட்டர்ல மாட்டிக் குடுத்தாரு. சாரோட நூத்தியோராவது பக்கத்த நின்னுக்கிட்டே அடிச்சேன். விழுந்துச்சு. வாங்கிட்டு வந்துட்டேன்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம். சில்லறைக்கு நின்னது சேத்து."

ஜெயபாண்டி ஒரு பட்டனைப் பிடுங்கிப் பார்த்தார். நீலம்! சத்தக்காரன்! கடைக்கு ஆகவே ஆகாது என்று முதல் வாரமே அவர் தள்ளி வைத்த நிறம். வாயைத் திறந்தார். நாகஜோதி ஒயரை மாட்டி, விரல் துணியை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டு அடிக்கத் தொடங்கினார். சோளம் பொரிகிற மாதிரிச் சத்தம். வரிக்கு வரி புள்ளி. நாகஜோதியின் முகத்தைப் பார்த்தார் ஜெயபாண்டி. திறந்த வாயை மூடிக்கொண்டு டீ வாங்கப் போனார்.

சத்தம் கடைக்குக் கெடுதல் என்ற ஆராய்ச்சி முடிவை வந்தவர்கள் யாரும் படித்திருக்கவில்லை. வீரணன் என்ற பெரியவர் நாலு நாள் கழித்து வந்து, தன் மனு உருவாகும் சத்தத்தைக் கைகட்டிக் கேட்டுவிட்டு, "இதுல அடிச்சாத்தாம்ப்பா மனுவுக்கு ஒரு வெயிட்டு இருக்கு. எதுத்தாப்புல அடிச்சா, அடிக்கிறாங்களா தடவுறாங்களான்னே தெரியல" என்றார். சாலையைத் தாண்டிப் போனவர்களில் பலர் திரும்பத் தாண்டி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் சிரமம். துப்பாக்கிச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது சிவகாசிக் கூட்டாளி மைக்கில் கத்தினான்: "ஏலே ஜெயபாண்டி, அங்க என்ன, கடலை உடைக்கிறியா? எதிரி வர்றது கேக்கலடா!"

இம்மானுவேல் சாரின் புத்தகம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே அச்சாகிவிட்டது. முன்னுரையின் கடைசி வரியில் 'ஒரு புள்ளியும் பிசகாமல் அடித்துக் கொடுத்த திருமதி நாகஜோதி' என்று நன்றி போட்டிருந்தார். அந்தப் பக்கத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியது ஜெயபாண்டிதான். கீபோர்டைப் பற்றி யாராவது விசாரித்தால் இப்போதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். "சும்மா எடுத்தோம்னு நெனைக்காதீக. மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணி எடுத்தது" என்கிறார். நாகஜோதி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி அடிப்பார்.

போன வாரம் நாகஜோதிக்கு லேசாக இடுப்பு வலி. "நல்ல நாற்காலி ஒண்ணு வாங்கணும்" என்றார் ஜெயபாண்டி அக்கறையோடு, ஃபோனை எடுத்தபடி. "இதுல முதுகுக்கு வலைத்துணி போட்டது, குஷன் போட்டதுன்னு ரெண்டு வகை இருக்கு ஜோதி..."

"பத்து மணி அருப்புக்கோட்டை பஸ்ஸு போயிருச்சா?" என்று வெளியே எட்டிப் பார்த்தார் நாகஜோதி.

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால், உங்கள் ஃபோனில் எட்டு மாதமாக 'பிறகு வாங்க' என்ற பட்டியலில் காத்திருக்கிறதே, அது என்ன? அதைப் பற்றி ஒற்றை நட்சத்திரக்காரர் எழுதியிருப்பதை எத்தனை தடவை படித்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்: இந்தக் கட்டுரையைப் படிக்கலாமா வேண்டாமா என்று, ஆரம்பிக்கும் முன் கடைசிப் பத்தியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தானே மேலே போனீர்கள்?