நான்காவது ஆளின் ஒரே ரசிகர்

உலகத்தில் எந்த ராக் இசைக்குழுவை எடுத்துக்கொண்டாலும் பாடுகிறவருக்கு ரசிகர்கள் உண்டு. லீட் கிட்டார்காரருக்கு அதைவிடக் கொஞ்சம் வெறிபிடித்த ரசிகர்கள் உண்டு. டிரம்ஸ் அடிப்பவருக்குக்கூட ஒரு அத்தை மகளாவது இருப்பாள். பேஸ் கிட்டார்காரருக்கு மட்டும் யாரும் கிடையாது. இந்த உலக வழக்கத்தை மீறிப் பிறந்த ஒரே ஒரு மனிதர் இலங்கை மலையகத்து ஹட்டன் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். அவரை நாங்கள் டும் அண்ணன் என்போம். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை.

பெயர்க் காரணம் மிக எளியது. மனிதர் எந்நேரமும் வாயால் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே இருப்பார். "டும்... டும்டும்... டூம்." உங்கள் இடுப்பை அளக்கும்போது டும். காஜா எடுக்கும்போது டும்டும். தையல் மெஷினின் மிதிகூட அந்தத் தாளத்தில்தான் போகும். வேகமான பாட்டு மனதில் ஓடினால் உங்கள் கால்சட்டை அன்றைக்கே கிடைக்கும். மெதுவான சோகப் பாட்டு வந்துவிட்டால் போச்சு, கல்யாணத்துக்குக் கொடுத்த துணியைப் பிள்ளைக்குக் காது குத்தும்போது வாங்கிக்கொள்ளலாம்.

அவர் வாயில் ஓடியதெல்லாம் ஒரே குழுவின் பாட்டுகள். 'தண்டர் லீவ்ஸ்.' எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சுற்றுவட்டாரத்தையே ஆட்டிவைத்து, சண்டை போட்டுச் செத்துப்போன ராக் குழு. இடிக்கும் இலைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இங்கிலீஷ் பெயரைக் கேள்வி கேட்கக்கூடாது என்பது அந்தக் காலத்து ஒழுங்கு.

பாடகர் செல்வா, மேல் டிவிஷன் கண்டாக்கு ஐயாவின் மகன். லீட் கிட்டார் பீட்டர், கீழ் டிவிஷன் டிஸ்பென்சரி ஐயாவின் மகன். இது போதாதா? மலையில் வேலை வாங்குகிறவர் மகனும், வேலை செய்து இடுப்பு பிடித்தவர்களுக்கு மருந்து கொடுப்பவர் மகனும் ஒரே மேடையில் நின்றால் என்ன ஆகும்? மேல் டிவிஷன் முழுக்க செல்வா கட்சி, கீழ் டிவிஷன் முழுக்க பீட்டர் கட்சி. பெண் பார்க்கப் போன இடத்தில் சாதகத்தை விரிப்பதற்கு முன்பே, "மாப்பிள்ளை செல்வா பக்கமா, பீட்டர் பக்கமா?" என்று கேட்ட வீடுகள் உண்டு. நான் செல்வா கட்சி. என் மனைவி பீட்டர் கட்சி. எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரேடியோவை யாரும் தொடுவதில்லை.

அவர்களுடைய பேர்போன பாட்டு 'ரெயின் ஓவர் நம்பர் செவன்'. எங்கள் ஏழாம் நம்பர் மலையில் பெய்கிற மழையைப் பற்றியது. இங்கிலீஷ் வரிகள் எங்களுக்குப் புரியாது. பாடின செல்வாவுக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. கடைசி வரியை செல்வா மூச்சு முட்ட இழுப்பார். அவர் மூச்சு தீர்கிற இடத்தில் பீட்டர் கிட்டாரில் புகுந்து விளையாடுவார். பீட்டர் முடிக்கப்போகும்போது செல்வா மறுபடி இழுப்பார். யார் முதலில் நிறுத்துகிறாரோ அவர் தோற்றவர். ஒரு தடவை ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துபோனதால்தான் அந்தப் பாட்டு முடிவுக்கு வந்தது. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் இரண்டு கட்சியும் மோதிக்கொண்டதில் வேலைக்கு ஆள் பிரிக்க முடியாமல் கங்காணிமார் திண்டாடினார்கள்.

"கரண்டு போனப்புறமும் வாயத் தொறந்துகிட்டு நின்னது செல்வாதாங்க. அப்ப அவருதானே ஜெயிச்சாரு?"

"வாயத் தொறந்து நின்னா ஜெயிச்சதா? அப்புடின்னா எங்க மாடுதான் தினம் ஜெயிக்குது."

மூன்றாவது ஆள் பாக்கியம், டிரம்ஸ். திருவிழாவில் தப்பு அடித்துப் பழகியவர். யார் சண்டை போட்டாலும் அதற்கும் ஒரு தாளம் போட்டுச் சிரிப்பார்.

நான்காவது ஆள்தான் கருப்பையா. தேயிலை பெக்டரியில் வேலை செய்த, தொழிலாளர் லயத்துப் பையன். கடையில் கிட்டார் வாங்க வசதி இல்லாமல், பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து தச்சர் ஷெட்டில் தானே ஒரு பேஸ் செய்துகொண்டார். உள்ளே வெறும் கூடு. சின்னப் பிள்ளை ஒன்று உள்ளே படுத்துத் தூங்கலாம். தோளில் மாட்ட முடியாத சாமான் என்பதால் அதன் அடியை மேடைப் பலகையில் ஊன்றி நிறுத்தி வைத்து வாசிப்பார். முன்பக்கத்தில் 'நெட் வெயிட்' என்று பெட்டியில் அச்சடித்த எழுத்து அப்படியே இருந்தது. ஜனங்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். நெட் வெயிட் மேடைக்கு வந்தால் போகும்வரை தலை நிமிர மாட்டார். கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார். வெட்கம் என்றார்கள் சிலர். திமிர் என்றார்கள் மற்றவர்கள். அவர் என்ன வாசித்தார் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் யாருக்கும் கேட்டதில்லை. மேடையில் மூன்று பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்கும். இரண்டிலிருந்து காது கிழியும். மூன்றாவதும் அதே கூச்சலில் கலந்துவிடும்.

டும் அண்ணன் அப்போது மீசை அரும்பிய தையல்காரர். ஷோ தொடங்குவதற்கு வெகு முன்பே வந்து, கருப்பையா நிற்கிற பக்கத்து மேடை ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். பாட்டு ஆரம்பித்ததும் கன்னத்தை மேடைப் பலகையோடு ஒட்டிக் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு விரல் மட்டும் பலகையில் தட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் ஆடுவதை விட்டுவிட்டு இவரைப் பார்த்துச் சிரிப்போம்.

"என்னாண்ணே, கறையான் அரிக்குதான்னு பாக்குறீங்களா?"

"போடா. ஒனக்கு செல்வா கத்துறதுதான் பாட்டு."

செல்வாவை அவருக்கு அறவே ஆகாது. இருந்தாலும் குழுவுக்குப் பெல்பாட்டம் தைத்தது அவர்தான். ஒரு ஷோவில் செல்வா மைக்கில், "டிரம்ஸ்ல பாக்கியம்! லீட் கிட்டார்ல பீட்டர்! பாடுறது உங்கள் செல்வா!" என்று அறிமுகத்தை முடித்துக்கொண்டார். நான்காவது பெயரைச் சொல்லவில்லை. அடுத்த ஷோவுக்கு வந்த பெல்பாட்டம் கீழே கூடாரம் மாதிரி விரிந்து, மேலே தொடையில் மூச்சுவிட இடமில்லாமல் இருந்தது. செல்வா வழக்கம்போல் ஒரு குதி குதித்தார். டர்ர். மிச்ச நிகழ்ச்சி முழுவதும் ஸ்பீக்கர் பெட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டே பாடினார். மேல் டிவிஷன் இளைஞர்கள் அதைப் புது ஸ்டைல் என்று நினைத்து ஆறு மாதம் சுவரில் சாய்ந்தே திரிந்தார்கள். நானும் திரிந்தேன்.

பிறகு ஒருநாள், போஸ்டரில் நடுவில் நிற்பது யார் என்ற உலகப் பிரச்சினையில் குழு உடைந்தது. செல்வா கனடா போனார். பீட்டர் கொழும்பு போனார். பாக்கியம் ஹட்டனிலேயே வேன் ஓட்டினார். கருப்பையா எங்கே போனார் என்று கேட்க ஆளில்லை.

ஆனால் கட்சிகள் உடையவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் டும் அண்ணனின் கடையில் கூடி, பேரப்பிள்ளை எடுத்த கிழங்களெல்லாம், குழுவை உடைத்தது செல்வாவா பீட்டரா என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவோம். டும் அண்ணன் மெஷினை மிதித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், "ஒடச்சது யாருன்னு இத்தன வருசமா பேசுறீங்க. அத்தன காலம் ஒடையாம வச்சிருந்தது யாருன்னு ஒருத்தனாவது கேட்டீங்களா?" என்பார். அது ஏதோ தையல்காரர் பேச்சு என்று விட்டுவிடுவோம்.

இப்படி இருக்கையில் செல்வா ஊருக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. உடனே ஒரு விழாக் குழு. 'தண்டர் லீவ்ஸுக்குப் பாராட்டு விழா.' நான் செயலாளர். செயலாளர் ஆனதும் எனக்குக் கொஞ்சம் தொந்தி கூடியதாக மனைவி சொன்னாள். விழாக் குழுவுக்கு ஒரே மாதிரி மெரூன் நிறத்தில் கால்சட்டையும் வெயிஸ்ட் கோட்டும் என்று தீர்மானித்து, துணியை டும் அண்ணனிடம் கொடுத்தோம். செல்வா கட்சியும் பீட்டர் கட்சியும் முதன்முதலாக ஒத்துப்போனது அந்த நிறத்தில்தான். இரண்டாவதாக ஒத்துப்போனது மேடையில் மூன்று நாற்காலி போதும் என்பதில்.

விழாவுக்கு முந்தின நாள் உடுப்பு வாங்கப் போனோம். எல்லாம் அழகாக மடித்து அலமாரியில் இருந்தது. டும் அண்ணன் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மேடையில எத்தன நாக்காலி?"

"மூணுண்ணே."

"நாலாக்குங்க."

"நெட் வெயிட்டுக்கா? அண்ணே, அந்தாளு வாசிச்சத யாருண்ணே கேட்டா?"

"நான் கேட்டேன்."

"நீங்க ஒராளுண்ணே. ஒரு ஆளுக்காக..."

"சரிங்க. அப்ப கால்சட்டைய விழா முடிஞ்சு வந்து வாங்கிக்கிங்க."

கெஞ்சினோம். மிரட்டினோம். விழாக் குழுத் தலைவர், "இது அநியாயங்க" என்று சிங்களத்திலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். டும் அண்ணன் மெஷினில் உட்கார்ந்து மெதுவான சோகப் பாட்டை மிதிக்க ஆரம்பித்தார். அந்த வேகத்தின் பொருள் ஊருக்கே தெரியும். நாற்காலி நான்கானது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மனிதர் அதற்கு முந்தின வாரமே பொல்பிட்டியவுக்கு பஸ் ஏறி, விசாரித்து விசாரித்துக் கருப்பையாவைக் கண்டுபிடித்து அழைத்துவிட்டு வந்திருந்தார். அந்தத் தேயிலைப் பெட்டி கிட்டார் அங்கே கோழி அடைகாக்கும் கூடாக இருந்ததாம். கோழியிடம் அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்று சொன்னார்.

விழா அன்று எங்கள் குழுவின் பெருந்தன்மையைப் பார்க்க வேண்டுமே. மூன்று பேருக்குக் குஷன் நாற்காலி. கீழே முன்வரிசையில் தலைவருக்கும் அதேபோல் ஒன்று. நான்காவது ஆளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் குத்துவிளக்குக்குப் பின்னால். டும் அண்ணன் வந்தார், பார்த்தார். தலைவரின் குஷன் நாற்காலியைத் தூக்கிக் கருப்பையாவுக்குப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைவருக்குக் கொடுத்தார். தலைவர் அவர் தைத்த கால்சட்டையைத்தான் போட்டிருந்தார் என்பதால் வாய் திறக்கவில்லை.

செல்வா பேசினார். குழுவின் உயிர் தன் குரல்தான் என்றார். பீட்டர் பேசினார். உயிர் இருந்தது நிஜம், ஆனால் விரலில் இருந்தது என்றார். அடுத்து மைக்கைப் பிடித்த பாக்கியம் வழக்கம்போல் சிரித்தார்.

"இப்ப ஒரு ரகசியத்தச் சொல்றேங்க. நம்மகிட்ட மூணு ஸ்பீக்கர் பெட்டி இருந்திச்சில்ல? ஒரு ஷோவுக்கு அதுல ரெண்டு செல்வாவுக்கு, அடுத்த ஷோவுக்கு ரெண்டு பீட்டருக்கு. கருப்பையா வயர எதுலயும் சொருகினதே இல்ல! மேடைக்கு அடியில ஒரு ஆணியில கட்டி விட்டிருந்தோம்!"

மண்டபம் கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். கருப்பையா வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோருடைய தலையும் டும் அண்ணன் பக்கம் திரும்பியது. பாவம், சத்தமே வராத கிட்டாருக்கு ஆயுள் முழுக்க ரசிகராக இருந்த மனிதர். ஒருவர் உரக்கவே கேட்டார்: "அப்ப நீங்க கேட்டது என்னாண்ணே?"

டும் அண்ணன் எழுந்தார்.

"வயரு சொருகலன்னு எனக்கு மொத நாளே தெரியும். அதாலதான் பலகையில காது வச்சேன். அது பொட்டி. அடிச்சா பலகை வழியா வரும். நீங்க யாராவது குனிஞ்சு பாத்தீங்களாடா?"

சிரிப்பு பாதியில் நின்றது. அப்போது கருப்பையா முதன்முதலாக எங்கள் முன்னால் பேசினார். குரல் நாங்கள் நினைத்ததைவிடக் கணீரென்று இருந்தது.

"நான்தாங்க வயர எடுக்கச் சொன்னேன். அந்த ரெண்டு பேரும் பொட்டிக்குச் சண்ட போட்டா ஷோ நிக்கும். ஷோ நின்னா நான் எங்க போயி வாசிக்கிறது? அந்தச் சத்தத்துல நான் வாசிக்கிறது எனக்கே கேக்காதுங்க. கீழ இவரு வெரலு தட்டும். அதப் பாத்துத்தான் சரியா வாசிக்கிறேன்னு தெரிஞ்சுக்குவேன். அதான் தல நிமிர மாட்டேன்."

செல்வா பீட்டரைப் பார்த்தார். பீட்டர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

கருப்பையா கோழிக்கூட்டை நிமிர்த்திப் பலகையில் ஊன்றினார். ஒரு மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செயலாளர் அல்லவா. டும் அண்ணன் மறித்தார்.

"மைக்கெல்லாம் வேணாம். கேக்கணும்னு இருக்கவன் இங்க வந்து குனியட்டும்."

முதலில் என் மனைவி போனாள், பீட்டர் கட்சி. பிறகு நாங்கள். கனடாவில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட செல்வாகூட மேடையிலேயே மெல்ல மண்டியிட்டுக் காதை வைத்தார். அந்தப் பக்கம் பீட்டர். மேடை ஓரத்தில் மெரூன் நிறத்தில் விழாக் குழு வரிசையாகக் குனிந்தது. டர்ர், டர்ர் என்று ஒவ்வொன்றாகக் கிழிந்தது. தொடையில் இடம் வைக்காமல் தைத்திருக்கிறார், படுபாவி.

என் இடது காதைப் பலகையில் ஒட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்த வயதில் பஸ் ஹாரனே பாதிதான் கேட்கிறது. பக்கத்தில் அதே பலகையில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தட்டியபடி அந்த மனிதர் வாயால் போட்டுக்கொண்டிருந்த "டும்... டும்டும்... டூம்" மட்டும் கேட்டது. பாட்டு முடியும்வரை நான் காதை எடுக்கவில்லை.